சூடில்லாத சொந்தக்காரர்கள்

கேள்வி: மின்மினிப் பூச்சி, திருவிழாவில் விற்கும் ஒளிக்குச்சி, போலீஸார் ரத்தக்கறை தேடத் தெளிக்கும் லூமினால். மூன்றும் ஒரே வகையறாவா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: பங்காளிகளேதான்! மூன்றிலும் ஒரு பொருள் ஆக்சிஜனேற்றம் அடைகிறது. அதில் பிறக்கும் ஆற்றல் எலெக்ட்ரானை மேல்படிக்கு ஏற்றிவிட, அது கீழே இறங்கும்போது ஒளி வருகிறது. எரிதல் இல்லாததால் கை சுடாது.

குணம் மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. மின்மினியில் ஒளி தரும் பொருளான லூசிஃபெரினின் நூறு மூலக்கூறு வினைபுரிந்தால் சுமார் நாற்பது ஒளித்துகள்கள் கிடைக்கும். லூமினாலில் ஒன்று தேறினாலே பெரிது. ஆனாலும் ரத்தத்தின் இரும்பு பட்டதும், கழுவித் துடைத்த தரையில்கூட நீலமாக ஒளிர்ந்து துப்புக் கொடுக்கும். பிளீச்சிங் பவுடர் பட்டாலும் அப்படியே ஒளிரும் என்பதால், லூமினாலின் சாட்சியை மட்டும் வைத்து யாரையும் உள்ளே தள்ள முடியாது. சினிமா இயக்குநர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும்!

ஒளிக்குச்சியின் நிறம் அதிலுள்ள சாயத்தின் உபயம். வெந்நீரில் போட்டால் பளீரென ஒளிர்ந்து சீக்கிரம் அடங்கும். ஃப்ரீசரில் வைத்தால் மங்கலாக நெடுநேரம் தாங்கும்.

குழந்தைகள் அறையின் கூரையில் மின்னும் நட்சத்திர ஸ்டிக்கர் இந்தக் குடும்பமே இல்லை. அது பகலில் குடித்த வெளிச்சத்தை இரவில் திருப்பித் தருகிறது, மறுநாளும் தரும். ஒளிக்குச்சிக்கு ஒரே ஆயுள்தான். குச்சிக்குள்ளே கண்ணாடிக் குப்பி உடைந்து கிடக்கும், குழந்தைகளைக் கடிக்க விடாதீர்கள்.