போதுமா, போதாதா: இரு கூற்றுகள் குறித்த ஓர் ஆய்வு

மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட் தேர்வில் ‘டேட்டா சஃபிஷியன்ஸி’ என்றொரு வினாவினம் உண்டு. கேள்வி ஒன்று, கூற்று இரண்டு. விடையைக் கேட்பதில்லை, விடை காணக் கூற்றுகள் போதுமா என்றே கேட்பர். எக்ஸைக் கண்டுபிடித்தவருக்குத் தனி மரியாதை கிடையாது. (காண்க: என் அத்தை, சமையலறைப் பேருரை, இரண்டாம் விசில்: “சோறு ஆச்சான்னு கேட்டா, ஆகும்னு சொல்றான்.”)

கூற்றுகள் இரண்டும் ஒன்றையொன்று மறுக்கா என்பது தேர்வின் மரபு. ஆய்வரங்குகளில் காணாத நாகரிகம் இது.

விடைகள் ஐந்து, எந்த வினாவுக்கும் மாறாதவை.

முதலாவது, முதற்கூற்று மட்டும் போதும். எக்ஸ் மிகை எண்ணா? அதன் கனம் 27 என்றால் போதும். வர்க்கம் 9 என்றால் போதாது. மைனஸ் 3 கதவுக்குப் பின்னால் நிற்கிறது.

இரண்டாவது, மேற்படியே, கூற்றுகள் இடம் மாறி உட்கார்ந்திருக்கும்.

மூன்றாவது, இரண்டும் சேர்ந்தால்தான் போதும். பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்தவர்கள் விழும் கிணறு இது. இரண்டு மாறி, இரண்டு சமன்பாடு, ஆகவே மூன்றாவது என்று பாய்வர். எக்ஸும் ஒய்யும் சேர்ந்து 5. அவற்றின் இருமடங்குகள் சேர்ந்து 10. இரண்டாவது சமன்பாடு, முதலாவதே சட்டை மாற்றி வந்தது.

இனி பஜ்ஜி. பஜ்ஜி 7 ரூபாய், போண்டா 11 ரூபாய்; இவற்றை மட்டுமே தின்றவர் எத்தனை பஜ்ஜி தின்றார்? முதற்கூற்று: கொடுத்தது 61 ரூபாய். இரண்டாம் கூற்று: மொத்தம் 7 உருப்படி. அரை பஜ்ஜி விற்பதில்லை. (காண்க: டீக்கடைக் கரும்பலகை, சுண்ணக்கட்டிப் பதிப்பு, மழையில் சிதைந்த இடம், அதற்கு முதலாளி உரை, உரைக்கு மாஸ்டர் சாரணியால் சட்டியைத் தட்டிச் சொன்ன மறுப்பு, மறுப்பைக் கேட்டும் எழுந்து போகாத பெரியவரின் இருமல்.) போண்டாவே இல்லையென்றால் 61 ரூபாய்க்கும் பஜ்ஜி, ஒன்று என்றால் மீதி 50, இரண்டு என்றால் 39, நான்கு என்றால் 17, ஐந்து என்றால் 6. எதுவும் ஏழால் வகுபடாது. மூன்று என்றால் மட்டும் மீதி 28, நாலு பஜ்ஜி. பணக்கணக்கே போதும், விடை முதலாவது. உருப்படிகளை எண்ணியவர் வீணாக எண்ணினார்.

நான்காவது, ஒவ்வொன்றும் தனியே போதும். ஒரு கல்யாணத்துக்கு இரண்டு சமையல்காரர்.

ஐந்தாவது, சேர்ந்தும் போதா. முனைவர் பட்ட ஆய்வேட்டில் இதற்கு ‘மேலாய்வுக்குரியது’ என்று பெயர். அங்கே போய்ச் சேர ஐந்தாண்டு ஆகும். 2023 நவம்பரில் வந்த புதிய ஜிமேட்டில் இவ்வினாக்கள் உள்ள பகுதிக்கு 45 நிமிடம், 20 வினா. ஒன்றுக்கு இரண்டேகால் நிமிடம்.

பயிற்சி வினா: இக்கட்டுரையாளர் தேர்வில் உருப்பட்டாரா? முதற்கூற்று: பஜ்ஜியின் எண்ணிக்கையைச் சரியாகவே கண்டுபிடித்தார். இரண்டாம் கூற்று: அதற்குப் பதினேழு நிமிடம் ஆயிற்று.