உலகளந்தவர் ஊரில் இரண்டு சென்ட்

திருக்கோவிலூர்ப் பெருமாள் உலகத்தை அளக்க மூன்றே அடி எடுத்துக்கொண்டார். மூன்றாவது அடிக்கு இடம் இல்லாமல் போனபோது மாவலி தலையைக் காட்டினான். "சர்வர் டவுன், நாளைக்கு வாங்க" என்று சொல்லவில்லை. தாரை வார்த்த கையோடு பதிவு முடிந்தது. அது புராணம். இன்று மகள் பேருக்கு இரண்டு சென்ட் மனையை எழுதிவைக்கக் கிளம்பும் விவசாயி, ஆவண எழுத்தர் கடைக்கும் சார்பதிவாளர் அலுவலக வாசலுக்கும் நடுவே அளக்கும் அடிகளுக்குக் கணக்கில்லை.

எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். உங்கள் ஊர் அலுவலகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மேசைமேல் கணினி இருக்கிறது. பார்வைக்கு லட்சணமாக இருக்கிறது. ஆனால் அது வெறும் ஜன்னல். விசைப்பலகை இங்கே, மென்பொருள், ஆவணம், புத்தி எல்லாம் எங்கோ ஒரு தரவு மையத்தில். 2018 பிப்ரவரியில் பதிவுத்துறையின் 'ஸ்டார் 2.0' மென்பொருள் வந்தபோது மாநிலத்தின் சார்பதிவாளர் அலுவலகங்கள் எல்லாம் இப்படி ஒரே மையத்தோடு கட்டப்பட்டன. நோக்கத்தில் குறை சொல்ல மாட்டேன். வில்லங்கத்தை வீட்டிலிருந்தே பார்க்க முடிகிறது. நல்லதுதான். ஆனால் அன்று நடந்த பங்கீட்டைக் கவனியுங்கள். அதிகாரம் மையத்துக்குப் போனது. வசவு மட்டும் ஊரிலேயே தங்கிவிட்டது.

இந்த வித்தையும் புதிதல்ல. 1960களில் நடுவில் ஒரு பெருங்கணினி, சுற்றிலும் ஊமைத் திரைகள். 1990களில் சிட்ரிக்ஸ் போன்ற கம்பெனிகள் அதையே வேறு சட்டை போட்டு விற்றன. இப்போது கிளவுட் என்று பேர். இதை வாங்கும் தனியார் நிறுவனங்கள் கூடவே இன்னொன்றையும் எழுதி வாங்கிக்கொள்கின்றன: சர்வர் நின்றால், நிற்கிற நேரத்துக்கு விற்றவன் பணம் கொடுக்க வேண்டும். நம் ஊரிலும் நின்ற நேரத்துக்குப் பணம் கொடுக்கப்படுகிறது. கொடுப்பவர், வரிசையில் நிற்பவர். பஸ் செலவு, சாப்பாட்டுச் செலவு, போன கூலி.

முகூர்த்த நாள் வந்தால் பதிவுத்துறையே செய்திக்குறிப்பு விடும். ஒரு சார்பதிவாளர் இருந்தால் 100 டோக்கன் 150 ஆகும். இருவர் இருந்தால் 200 என்பது 300 ஆகும். டோக்கனைக் கூட்ட ஒரு பக்க அறிக்கை போதும். சர்வருக்கு யார் பஞ்சாங்கம் படித்துக் காட்டியது? பொறுக்க முடியாதவர்களுக்குத் தட்கல் டோக்கன் உண்டு, 5,000 ரூபாய். அதற்கும் அதே சர்வர்தான். படுத்தால் ஏழை பணக்காரன் பேதமில்லாமல் படுக்கும். சமூகநீதி!

மழை இரவில் முதலாழ்வார்கள் மூவர் ஒதுங்கியது திருக்கோவிலூர் இடைகழியில்தான். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம். இருட்டில் நாலாவதாக வந்து நெருக்கியவர் பெருமாள். சர்வர் படுத்த நாளில் உங்கள் தோளை உரசிக்கொண்டு வரும் நாலாவது ஆள் யாரென்று உங்களுக்கே தெரியும். "முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிச்சிருக்கலாமேண்ணா" என்பார். இடைத்தரகரை ஒழிக்க வந்த திட்டம் அவருக்கு நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறது. ஏனென்றால் சர்வர் எப்போது எழும் என்று அலுவலகத்துக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்.

ரேஷன் கடையிலும் இதே கதைதான். 2020 அக்டோபரில் கைரேகை வைத்தால்தான் அரிசி என்றார்கள். கரும்பு வெட்டித் தேய்ந்த விரலை இயந்திரம் ஏற்கவில்லை. விரலை ஏற்ற இடத்தில் இணைப்பு இல்லை. கடைசியில் பழையபடி கார்டைக் காட்டியே வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அதற்குள் எத்தனை பேர் வெறும் பையோடு திரும்பினார்கள் என்பதை எந்தச் சர்வரும் பதிந்து வைக்கவில்லை.

கல்வராயன் மலைக்கு ஏறுங்கள். 1976 வரை ஜாகிர்தார்கள் பிடியில் இருந்த மலை. 2024 கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு உயர் நீதிமன்றமே தானாக வழக்கெடுத்து, அங்கே சாலை இருக்கிறதா, ஆஸ்பத்திரி இருக்கிறதா என்று கேட்க வேண்டியிருந்தது. அந்த மலைக்கும் 2023 ஜனவரி 1 முதல் ஒரு கட்டளை: நூறு நாள் வேலைக்கு வருபவர்களை ஒரு நாளைக்கு இரண்டு முறை படம் பிடித்துச் செயலியில் ஏற்ற வேண்டும். மண் வெட்டியதற்குச் சாட்சி வெட்டிய பள்ளமல்ல, டெல்லி சர்வருக்குப் போய்ச் சேர்ந்த படம். பணித்தளப் பொறுப்பாளர் செல்போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சிக்னல் தேடி மேடு மேடாக ஏறலாம். அந்த நடைக்குக் கூலி கிடையாது. திருட்டை ஒழிக்கத்தானே என்பீர்கள். 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது: சம்பந்தமில்லாத படங்கள் ஏறுகின்றன, படத்தையே படம் பிடித்து ஏற்றுகிறார்கள், ஆகவே ஊராட்சியில் எல்லாப் படத்தையும் ஆள் வைத்துச் சரிபாருங்கள். ஆளை நம்ப முடியாது என்று செயலி வந்தது. செயலியை நம்ப முடியாது என்று ஆள் வந்தார். இடையில் வாடியது கூலிக்காரர் வயிறு.

பக்கத்தில் கர்நாடகம் 2011இலேயே 'சகாலா' சட்டம் போட்டது. சேவை தாமதமானால் நாளுக்கு 20 ரூபாய், உச்சம் 500 ரூபாய், விண்ணப்பித்தவர் கைக்கு. நமக்கோ அதன் பிறகு ஆட்சிகள் மாறின, திட்டங்களின் பேர் மாறியது, 2.0 என்பது 3.0 ஆகிறது. அந்தச் சட்டம் மட்டும் வரவில்லை. 500 ரூபாயில் யார் குடியும் மாடி ஏறாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் கொடுத்துப் பாருங்கள். அந்தப் பணத்தை எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதுவது, யார் சம்பளத்தில் பிடிப்பது என்று கேட்டு முதல் கோப்பு புறப்படும் நாளில், சர்வர் தானாக எழுந்து உட்காரும்.