பலகையை விடாதவர்கள்

கேள்வி: ரேடியோவில் தினமும் வேதபாடம் கேட்கிறேன். உலகம் உண்டாவதற்கு முன்பே தேவன் தம்முடையவர்களைத் தெரிந்துகொண்டார் என்கிறார் போதகர். அடுத்த மூச்சில் "இன்றே மனந்திரும்பு" என்கிறார். எல்லாம் முன்பே முடிவாகிவிட்டதென்றால் நான் எதற்குத் திரும்ப வேண்டும்?
- மீனவ வாசகர், விழிஞ்ஞம்

பதில்: 1967-ல் ரேடியோவில் வேதாகமம் முழுவதையும் இரண்டரை ஆண்டுப் பாடமாக நடத்தத் தொடங்கிய ஜே. வெர்னான் மெகீயும் இரண்டையும் சேர்த்தே போதித்தார். அவர் 1988-ல் மறைந்தார். பாடம் தமிழிலும் தொடர்கிறது. தெரிந்துகொள்ளுதலையும் மனிதச் சித்தத்தையும் இணைத்துக் காட்டத் தம்மால் முடியாது என்று ஒப்புக்கொண்டவர். அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும். நம் வைணவர்களும் இதுபோன்ற கேள்வியில் தென்கலை, வடகலை என்று கருத்து வேறுபட்டார்கள்: தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியா, தாயை இறுகப் பற்றும் குரங்குக்குட்டியா?

நீங்கள் கடலுக்குப் போகிறவர். அப்போஸ்தலர் நடபடிகள் 27-ஐப் படியுங்கள். புயலில் சிக்கிய கப்பலில் ஒருவரும் சாகமாட்டார்கள் என்று தேவன் பவுலுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். ஆனாலும் கப்பலாட்கள் நங்கூரம் போடுவதுபோல் பாவனை செய்து படகை இறக்கித் தப்பப் பார்த்தபோது, இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் பிழைக்கமாட்டீர்கள் என்று உடனிருந்த போர்வீரர்களிடம் சொல்கிறார் அதே பவுல்! வீரர்கள் படகின் கயிற்றை அறுத்துவிட்டார்கள். கடைசியில் கப்பல் உடைந்தது. நீந்தத் தெரிந்தவர் நீந்தினார்; தெரியாதவர் பலகையைப் பிடித்தார். 276 பேரும் கரையேறினார்கள். வாக்குதான் இருக்கிறதே என்று ஒருவரும் பலகையை விட்டுவிடவில்லை.