விருந்தாளியும் காவலாளியும்

கேள்வி: ராகிக் கொல்லையில் வெறுங்காலுடன் நடப்போரின் குடலில் கொக்கிப்புழு ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகிறதே, உடலின் காவற்படை உறங்குகிறதா?
– ஒரு வாசகர், அஞ்செட்டி

பதில்: உறங்கவில்லை, மயக்கப்படுகிறது. பாதத்தோலைத் துளைத்து நுழையும் இளம்புழுவை எதிர்த்து ‘இம்யூனோகுளோபுலின் இ’ என்னும் எதிர்ப்புரதமும் ஈசினோஃபில் எனப்படும் வெள்ளணுக்களும் பெருகுகின்றன. பகை விழுங்க முடியாத அளவு பெரியதாகையால், ஈசினோஃபில்கள் அதன்மேல் நச்சுப்புரதத்தைக் கொட்டுகின்றன. புழுவோ, எதிர்ப்பைத் தணிக்கும் ஒழுங்குபடுத்தும் டி-அணுக்களைத் தூண்டிவிட்டு, சிறுகுடற்சுவரைக் கவ்வி, இரத்தம் உறையாதிருக்க ஒரு பொருளையும் சுரந்து (தன் செலவில் அது செய்யும் ஒரே காரியம்) நிதானமாக உண்கிறது. இதை விரட்ட, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஜவ்வாது மலையில் ஊர் முழுவதற்கும் அல்பெண்டசோல் என்னும் புழுநீக்கி மருந்தைக் கொடுத்து ஆராய்ந்தது. ஆயினும், அம்மைக்குப் பின் வருவதுபோன்ற நிலைத்த எதிர்ப்பாற்றல் இங்கே வருவதில்லையாதலால், 400 மில்லிகிராம் மாத்திரையை விழுங்கியவரும் செருப்பின்றிக் கொல்லைக்குத் திரும்பினால் அடுத்த தலைமுறைப் புழுவை வரவேற்கலாம்.