சுமைகூலி தனி

சிக்கனத்தைப் பற்றி வேதாரண்யத்துக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்கக் கூடாது. எங்கள் ஊர் சரித்திரத்தில் இடம்பிடித்ததே ஒரு மளிகைச் சாமானின் விலை விவகாரத்தில்தான். 1930 ஏப்ரல் 13ஆம் தேதி ராஜாஜி சுமார் நூறு பேரோடு திருச்சியில் கிளம்பி, 150 மைல் நடந்து, 28ஆம் தேதி இங்கே வந்து சேர்ந்தார். 30ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பை அள்ளிக் கைதானார். உப்பு வரி அநியாயம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்த வரி எவ்வளவு என்று யாராவது கணக்குப் பார்த்தார்களா? நான் பார்த்தேன். கூட்டுறவு சங்கத்தில் காலமெல்லாம் பேரேடு எழுதிய கை சும்மா இருக்குமா? 82 ராத்தல் கொண்ட சர்க்கார் மணங்குக்கு ஒன்றேகால் ரூபாய் வரி. ஒன்றேகால் ரூபாய்க்கு எண்பது காலணா. ஆக, ராத்தலுக்குக் காலணா. அதுகூட முழுசாக இல்லை, சற்றுக் குறைவு.

அந்தக் காலணாவை விட மனமில்லாமல் 150 மைல் நடந்தவர்களுக்கு ஊரில் ஸ்தூபி இருக்கிறது. துவரம்பருப்பு கிலோவுக்கு எட்டு ரூபாய் குறைவு என்று நான் திருத்துறைப்பூண்டிக்கு ரயிலேறினால் மட்டும் வீட்டில் சிரிக்கிறார்கள்.

அந்த யாத்திரைக்காரர்களுக்கு யாரும் சோறு போடக் கூடாது என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். ஜனங்கள் என்ன செய்தார்கள்? சாப்பாட்டைப் பொட்டலமாகக் கட்டி வழியில் மரக்கிளையில் தொங்கவிட்டுவிட்டுப் போனார்கள். போட்டால்தானே குற்றம்? தொங்கினால்? இந்தச் சம்பவத்தை உணர்ச்சியோடு சொல்லிக்கொண்டிருந்தபோது என் சம்சாரம் கீரை ஆய்ந்தபடியே குறுக்கிட்டாள்.

“அவங்களுக்கு மரத்துல தொங்குச்சுங்க. உங்களுக்குத் திருத்துறைப்பூண்டியில எந்த மரத்துல பரோட்டா தொங்குது?”

ரயில் வந்தது ஒரு பெரிய விஷயம். அகலப்பாதை வேலை என்று பல வருஷம் தண்டவாளமே இல்லாமல் கிடந்த 37 கிலோமீட்டர் பாதை 2023 ஏப்ரலில் திரும்பத் திறந்தது. ஒரு காலத்தில் உப்பு ஏற்றிய பாதை. பஸ்ஸைவிட ரயில் மலிவு. நாம் நினைத்த நேரத்துக்கு வராது என்பது மட்டும்தான் குறை. அதற்கும் நான் ஒரு சமாதானம் வைத்திருக்கிறேன்: ஓய்வுபெற்றவன் நேரத்துக்கு விலை கிடையாது. ஐந்து கிலோ பருப்புக்கு நாற்பது ரூபாய் மிச்சம். போக வர டிக்கெட் இருபது. மீதி இருபது நிகர லாபம். டீயை நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. டீ உள்ளூரில் இருந்தாலும் குடிப்பேன்.

“சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்” என்பாள் அவள். அவளுக்கென்ன, பேசலாம். 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு அரசு டவுன் பஸ்ஸில் கட்டணம் கிடையாது. அரசாங்கம் ஒரே கையெழுத்தில் என் வீட்டுப் பொருளாதாரத்தைக் குப்புறத் தள்ளிவிட்டது. முன்பெல்லாம் எந்தக் கடையில் எது மலிவு என்று கண்டுபிடிப்பதோடு, அங்கே போய்வர என்ன ஆகும் என்பதையும் கழிக்க வேண்டும். இப்போது அவளுக்குச் சுமைகூலி சைபர். ஆயக்காரன்புலத்தில் அம்மா வீட்டுக்கு வெறும் பையோடு போவாள். முருங்கைக்காய், வாழைப்பூ, மாங்காய் என்று வீங்கிய பையோடு வருவாள். இந்த ஜில்லாவில் என் மாமியார் வீட்டைவிட மலிவான கடை இல்லை. பில் கிடையாது. பதிலுக்கு வருஷத்துக்கு ஒருமுறை மச்சான் வந்து நாலு நாள் தங்குவான். அவன் சாப்பிடுவதைப் பேரேட்டில் பற்று வைத்தால் அந்தக் கடையும் அவ்வளவு மலிவில்லை என்று தெரியவரும். அதை நான் எழுதியும் வைத்திருக்கிறேன். நோட்டு எங்கே இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது.

அரிசிக்கு வருகிறேன். இங்கேதான் என் திறமை முழுசாக வெளிப்படும்.

2022 ஜூலை 18லிருந்து 25 கிலோ வரையிலான, லேபிள் ஒட்டிய அரிசிப் பைக்கு ஐந்து சதவீதம் ஜிஎஸ்டி. 25க்கு மேல் போனால் வரி இல்லை. உத்தரவு வந்த மை காய்வதற்குள் தமிழ்நாட்டு அரிசி ஆலைக்காரர்கள் 26 கிலோ மூட்டையைக் கொண்டுவந்துவிட்டார்கள். மரத்தில் பொட்டலம் கட்டித் தொங்கவிட்ட பரம்பரையின் மூளை எங்கேயும் போய்விடவில்லை என்று அன்றைக்கு எனக்கு ஒரே சந்தோஷம். 1,500 ரூபாய் மூட்டைக்கு 75 ரூபாய் வரி மிச்சம், ஒரு கிலோ கூடுதல். அந்த ஒரு கிலோவுக்கும் காசு வாங்கிவிட்டார்கள் என்பது வேறு விஷயம். அந்த 26ஆவது கிலோவை மட்டும் என் இடுப்பு இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. மூட்டையை டிவிஎஸ் பிப்டியில் முன்னால் வைத்துக் கொண்டுவந்து, திண்ணையில் தூக்கி வைத்தேன். மறுநாள் தைலம், மாத்திரை. அவள் மருந்துக் கடை பில்லைப் பேரேட்டுக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்தாள். ஒன்றும் பேசவில்லை. பேசியிருக்கலாம்.

இதில் வேடிக்கை, நாங்கள் இருப்பது நெல் விளையும் சீமை. கடைமடை என்றாலும் டெல்டாதான். தலைஞாயிறு பக்கம் சித்தப்பாவுக்கு வயல் இருக்கிறது. ஆற்றில் தண்ணீர் வந்து சேருமா என்று ஆடி முழுக்கக் கவலைப்படுவார்; வந்து சேர்ந்தால் மழையில் மூழ்குமா என்று கார்த்திகை முழுக்கக் கவலைப்படுவார். ரெண்டும் தாண்டி விளைந்ததைக் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டையாகப் போடுவார். நெல் லாரியேறும், குடோன் போகும், ஆலையில் அரைபடும், எங்கெங்கோ சுற்றும். கடைசியில் ரேஷன் கடைக்கு அரிசியாக வரும். 2011 ஜூனிலிருந்து அது இலவசம். சித்தப்பா வரிசையில் நின்று வாங்கிவருவார். தன் நெல்லை விற்றுக் காசும் வாங்கிக்கொண்டு, அரிசியைச் சும்மாவும் வாங்கிக்கொள்கிற இந்த வித்தையை நான் எந்தப் பொருளாதாரப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. அப்புறம் அவரும் சாப்பாட்டுக்கு 26 கிலோ பொன்னி மூட்டைதான் வாங்குகிறார்.

ரேஷன் அரிசி என்ன ஆகிறது? எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: “இட்லிக்குப் போடுறதுங்க.” சோறாக்கிச் சாப்பிடுகிறோம் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். இந்தக் கணக்கை நம்பினால் எங்கள் தெரு மாதத்துக்கு ஆளுக்கு முந்நூறு இட்லி சாப்பிட வேண்டும். கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே, அதற்கும் ஒரு மளிகைக் கடை திறந்தால் நல்ல வியாபாரம் நடக்கும். நான் மட்டும் வெளிப்படையான ஆள். கிலோ 30 ரூபாய்க்குத் துவரம்பருப்பு, லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயில் என்று கார்டுக்கு உரியதைத் தவறாமல் வாங்கிவிடுவேன். அந்த ஒரு கிலோ பருப்பு எங்கள் வீட்டில் சில நாளைக்குத்தான் வரும். மிச்ச நாளைக்குத்தான் திருத்துறைப்பூண்டி.

உப்பு விஷயம் எனக்கு நெடுநாள் மனத்தாங்கல். அகஸ்தியம்பள்ளிப் பக்கம் போனால் பாத்திகளுக்கு நடுவே மலைமலையாக வெள்ளை வெளேரென்று குவித்து, மழைக்குப் பயந்து மூடி வைத்திருப்பார்கள். உப்பு விற்கப் போனால் மழை பெய்கிறது என்ற பழமொழியை இந்த ஊரில் யாரும் பழமொழியாகச் சொல்வதில்லை. வானிலை அறிக்கையாகத்தான் சொல்வார்கள். அந்த மலையைத் தாண்டி நடந்துபோய், கடையில் பளபளக்கிற பாக்கெட்டில் வெளியூர் உப்பு வாங்கி வருகிறோம். அயோடின் கலக்காத உப்பை மனிதர் சாப்பிட விற்கக் கூடாது என்று 2006லிருந்து சட்டம்.

“விற்கத்தானே கூடாது? தெரிஞ்சவர் பாத்தியிலேர்ந்து சும்மா ரெண்டு படி அள்ளிக்கிட்டு வந்தா?” என்றேன்.

“அள்ளுங்க. கழுத்துல கழலை வந்தா அதையும் சும்மா வெட்டிவிடற டாக்டரைப் பார்த்து வச்சுக்குங்க. நம்ம வீட்டுல மாசத்துக்கு எவ்வளவு உப்பு ஆவுது? ஒன்றரை கிலோ. முப்பது ரூபாகூட இல்ல. அதுக்கு எதுக்கு இவ்வளவு சட்டம் பேசறீங்க?”

வைஸ்ராய் இர்வினும் இதையேதான் நினைத்தார். இதெல்லாம் ஒரு சமாசாரமா, உப்புப் போராட்டத்தை எண்ணி எனக்குத் தூக்கம் கெடவில்லை என்ற ரீதியில் அவர் கடிதம் எழுதினார். பிற்பாடு கெட்டது. ஆனால் அவருக்குக் கீரை ஆயத் தெரியாது. அந்த விதத்தில் என் நிலைமை ராஜாஜியைவிட மோசம்.

எட்டு ரூபாய் கூட வாங்குகிற உள்ளூர்க் கடையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. தெருமுனைக் கடை. உள்ளே போனால் பெருங்காயமும் கருவாடும் கலந்த ஒரு வாசனை. அண்ணாச்சி என்று கூப்பிடுகிறோம். அவர் அப்படிக் கூப்பிடுகிற சீமைக்காரர் இல்லை, பக்கத்துத் தெருக்காரர்தான். கடைக்கு அண்ணாச்சி கடை என்று பெயர் வந்துவிட்டதால் அவரும் அண்ணாச்சி ஆகிவிட்டார். தராசில் தட்டு சாய்ந்த பிறகும் ஒரு விரல் பருப்பைக் கிள்ளிப் போடுவார். கறிவேப்பிலை கொசுறு. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஏசி போட்ட கடை வந்தபோது நான் அங்கேயும் போய்ப் பார்த்தேன். நாலு சோப்பு வாங்கினால் ஒன்று இலவசம் என்றார்கள். வாங்கினேன். எங்கள் வீட்டில் இப்போது பேரப்பிள்ளைக் கல்யாணம் வரைக்கும் குளிக்க சோப்பு இருக்கிறது. பேரனுக்கு வயது ஆறு. கறிவேப்பிலையை மட்டும் பிளாஸ்டிக் தட்டில் சுற்றி பத்து ரூபாய் லேபிள் ஒட்டியிருந்தார்கள். அன்றைக்கே எனக்கு அந்தக் கடை மேல் மரியாதை போய்விட்டது. எண்ணெய் பாக்கெட்டைத் திருப்பினால் லிட்டர் மாதிரி இருக்கும், ஆனால் 800 மில்லி. பொடி எழுத்தில் ‘ஒரு மில்லிக்கு இவ்வளவு’ என்று போட்டிருப்பார்கள். அதைப் படிக்கக் கண்ணாடி மாற்ற வேண்டியிருந்தது. கண்ணாடிச் செலவை எண்ணெய்க் கணக்கில் எழுதியிருக்கிறேன், அதுதான் முறை.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் எங்கள் ஊருக்கும் நடுவே கரையேறியது. விடிந்து பார்த்தால் தென்னையும் மாவும் படுத்துக் கிடந்தன. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஏடிஎம் ஒரு இரும்புப் பெட்டி. பையில் பணம் இருந்தவனுக்கும் சில்லறை இல்லை, சில்லறை இருந்தவனுக்கும் சாமான் இல்லை. அண்ணாச்சி கதவைப் பாதி திறந்து, மெழுகுவத்தி வெளிச்சத்தில் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, கேட்டவர்களுக்கெல்லாம் அரிசியும் பருப்பும் பால் பவுடரும் கொடுத்தார். மெழுகுவத்தி வெளியே மூன்று மடங்கு விலைக்குப் போனபோதும் அவர் அட்டையில் போட்டிருந்த விலைக்குத்தான் கொடுத்தார். பொங்கல் வரைக்கும் யாரிடமும் கேட்கவில்லை. புயலுக்கு முன்னால் காசு கொடுத்துத் தேங்காய் வாங்கினால் எங்கள் பக்கம் கேவலம். அந்த வருஷம் என் மாமியாரே அவர் கடையில் தேங்காய் வாங்கிக் கடன் எழுதினார். அவருடைய பெயருக்கு மேல் என் பெயர் இருந்தது. கடன் தொகையும் என்னுடையதுதான் அதிகம்.

இதையெல்லாம் மறக்கிற ஆள் இல்லை நான். ஆனால் புயல் ஒரு கணக்கு, துவரம்பருப்பு ஒரு கணக்கு. ரெண்டையும் ஒரே பக்கத்தில் எழுதினால் ஆடிட்டில் மாட்டிக்கொள்வோம். ஆகவே மாதம் பிறந்தால் அவர் கடை வழியாகப் போகாமல், பின்தெரு வழியாகச் சுற்றிப் போய், சட்டைக்குள் பையை மடித்துச் செருகிக்கொண்டு ரயிலேறுவது வழக்கம்.

போன மாதம் திரும்பும்போது கூட்டம் அதிகம் இல்லை. பருப்பு, மிளகாய், மல்லி என்று ரெண்டு பை. காலுக்கடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன். நெய்விளக்கு தாண்டியிருக்கும், எதிர் பெஞ்சில் ஒரு சாக்கு மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு தலை நிமிர்ந்தது. அண்ணாச்சி.

நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். அவரும் திரும்பினார். ரெண்டு பேரும் ஒரே கொக்கை ரொம்ப நேரம் பார்த்தோம். கொக்கு பறந்துவிட்டது.

“என்னா சார், கல்யாணம் காட்சியா?” என்று அவர்தான் ஆரம்பித்தார். கண் என் பைமேல் இருந்தது.

“சும்மா இப்படி, ஒருத்தரைப் பார்க்க. நீங்க?”

“லாரி சரக்கு வரல. பருப்பு தீந்துபோச்சு. அவசரத்துக்கு ரெண்டு சிப்பம் எடுத்துட்டு வரேன்.” சாக்கில் அச்சடித்திருந்த கடைப் பெயரும் என் பையில் இருந்த பெயரும் ஒன்று. அதை அவரும் பார்த்துவிட்டார், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. தோப்புத்துறை வரும் வரைக்கும் பேசவில்லை. அப்புறம் நிதானமாகச் சொன்னார்:

“சார், இந்த வயசுல நீங்க எதுக்கு அலையறீங்க? அடுத்த மாசத்துலேர்ந்து எங்கிட்ட சொல்லிடுங்க. அதே கடையில, அதே பருப்ப, அதே விலைக்கு நானே எடுத்தாந்து வீட்டுல போட்டுடறேன். தூக்குகூலி, வண்டிச் சத்தம் மட்டும் பார்த்துக் குடுத்துடுங்க.”

“அது எவ்வளவு ஆகும் அண்ணாச்சி?”

விரலை மடக்கி ரொம்ப நேரம் கணக்குப் போட்டார். “கிலோவுக்கு எட்டு ரூபா ஆவும்.”

நான் ஆறு என்றேன்.