அச்சிட்ட மயிலும் அடியேனும்

பணியில் இருந்த காலமெல்லாம் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளின் கணக்குப் புத்தகங்களில், தப்பு என்பதற்கு அடையாளமாகச் சிவப்பு மையால் பெருக்கல் குறி இட்டே கை சலித்த ஓர் ஆசிரியன், ஓய்வு பெற்ற பிறகும் அதே குறியைக் கிளிப்பச்சையிலும் மயில்கழுத்து நீலத்திலும் ஊசியால் இட்டுக்கொண்டிருக்கிறான் என்றால், அதைப் பூர்வஜன்ம வாசனை என்று சொல்வதுதான் மரியாதை. கலும்பாங்கில் என்னை அறிந்தவர்கள் அவ்வளவு தூரம் போவதில்லை. "வாத்தியாருக்குப் பொழுது போகவில்லை" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

தீபாவளிக்கு மகள் வாங்கி அனுப்பிய உறையில், தைக்கவேண்டிய குறிகளெல்லாம் நீரில் கரையும் நீல மையால் முன்கூட்டியே அச்சிடப்பட்ட கட்டத்துணி ஒன்றும், எண்ணிட்ட அட்டையில் வரிசையாகக் கோத்த வர்ண நூல்களும், முனை மழுங்கிய ஊசிகளும் இருந்தன. நூல் ஒவ்வொன்றும் ஆறு இழை கொண்டது. அவற்றில் இரண்டை மட்டும் உருவிக்கொள்ள வேண்டும். இரண்டையும் சேர்த்து இழுத்தால் பிரம்மாவாலும் அவிழ்க்க இயலாத முடிச்சு விழும், ஒவ்வொன்றாக உருவினால் பரம சாதுவாக வந்துவிடும். அங்குலத்துக்கு 14 கட்டம் என்பதால் சதுர அங்குலத்துக்கு 196 குறிகள். 12 அங்குல அகலமும் 18 அங்குல உயரமும் கொண்ட துணி முழுவதற்கும் 42,336. இந்தக் கணக்கை மிகுந்த பெருமிதத்தோடு என் மனைவியிடம் சமர்ப்பித்தபோது, "இந்தச் சிரத்தையைக் கொல்லைப்புறத்தில் காட்டியிருந்தால் வெண்டைக்காய்க்குக் கடைக்குப் போகவேண்டாமே" என்று ஒரே வாக்கியத்தில் விடை எழுதிவிட்டாள்.

பால்மரம் நின்ற இடத்திலெல்லாம் செம்பனை ஏறிவிட்ட இந்த வட்டாரத்தில், செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிற என் பழைய மாணாக்கன் ஒருவன் ஒருநாள் வீட்டுக்கு வந்து, துணியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "கோடெல்லாம் அவனே போட்டுக் குடுத்துட்டானே சார், அப்புறம் என்ன கஷ்டம்?" என்று கேட்டான். முதலாம் ஆண்டில் புள்ளிக்கோடு போட்டுக் கொடுத்த 'அ'னாவின் மேல் ஒரு நாளும் எழுதச் சம்மதிக்காத பிள்ளை இவன்!

அவன் அபிப்பிராயந்தான் வெற்றுத்துணியில் கட்டம் எண்ணித் தைக்கும் வித்தகர்களுக்கும். நீலகிரித் தோடர் குலப் பெண்கள், மாதிரிப் படம் எதுவும் வரையாமல், துணியின் இழைகளை எண்ணியே சிவப்பும் கறுப்புமாகத் தைக்கும் வேலைப்பாட்டுக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தால் கைகட்டி நின்று கேட்டுக்கொள்வேன். மற்றவர்களுக்குச் சொல்வேன்: எண்ணுவதற்குப் புத்தி போதும், அச்சிட்டதன்படி நடப்பதற்குப் பணிவு வேண்டும், ஆயுள் முழுவதும் பிறரை வரிசையில் நிறுத்திய ஒருவனுக்கு அது எளிதில் கைவருகிற குணமன்று. குறியின் மேற்கோடுகள் அத்தனையும் ஒரே பக்கம் சாய வேண்டும். ஒன்று மாறிச் சாய்ந்தாலும், சபைகூடலில் முதுகைக் காட்டி நிற்கும் பையனைப்போல அது ஒன்றுதான் கண்ணில் படும்.

கடைசித் தோகையைத் தைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுபவர் இக்கலையை அறியாதவர். அலசுவதற்குமுன் துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, விட்டுப்போன குறிகளைத் தேடியாக வேண்டும். ஏனெனில் அலசிய பிறகு மை போய்விடும், ஓட்டை மட்டும் நிற்கும். மை போகுமுன் இஸ்திரிப் பெட்டி பட்டாலோ, அந்த நீலம் சாசுவதமாகத் தங்கிவிடக்கூடும். குளிர்ந்த நீரில் அலசி, மாலைதோறும் தவறாமல் பெய்யும் மழைக்குத் தப்புவித்து உலர்த்தி, பெர்ணம் ஆற்றைத் தாண்டிப் பேராக் மாநிலத்துத் தஞ்சோங் மாலிமில் சட்டம் போட எடுத்துச் சென்றேன். கண்ணாடி துணியைத் தொடாதபடி இடைவெளி விடச் சொன்னேன். நம் ஊர் ஈரப்பதத்தில் மயிலுக்கு முன் பூஞ்சணம் தோகை விரித்துவிடும்.

இதற்கிடையில், மூலையில் என் பெயரைத் தைத்துக்கொண்டது குடும்பத்தில் பெரும் விவகாரமாயிற்று. "மயிலை அச்சடித்தவன் எவனோ, பெயர் மட்டும் உங்களுடையதா?" என்பது வாதி தரப்பு. இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள 1598-ஆம் ஆண்டுத் தையல் மாதிரித்துணியில் ஜேன் பாஸ்டக் என்ற அம்மையார் தம் பெயரைத் தைத்திருக்கிறாரே என்று நான் முன்வைத்த சாட்சியம், அந்த அம்மையார் கடைச்சரக்கைத் தைக்கவில்லை என்ற காரணத்தால் தள்ளுபடியாயிற்று.

இப்போது மாட்டுவதற்கு இடமில்லை. ஒரு சுவர் தெய்வங்களுக்கு, ஒரு சுவர் கல்யாணப் படங்களுக்கு, மூன்றாவது பேரப்பிள்ளைகளின் பட்டமளிப்புக்கு, நான்காவதில் ஜன்னல். ஆகவே ஓரடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் சுவரில் காலியாக வைத்திருக்கும் கலும்பாங், கெர்லிங் வட்டாரத்து அன்பர்கள் தயங்காமல் தெரிவிக்கலாம்: சட்டமும் கண்ணாடியும் உட்பட முற்றிலும் இலவசம், மூலையில் உள்ள பெயரை மட்டும் பிரித்துத் தருவதற்கில்லை.