கடைசியில் வந்தவர் தங்கலாம்

2015–16 ஐ-லீக் கால்பந்துப் போட்டியில் ஒன்பது அணிகள். ஒன்பதாவதாக வந்தது புணேயின் டி.எஸ்.கே. சிவாஜியன்ஸ், எட்டாவது, மிசோரத்தின் ஐஸால். கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்பட்டது ஐஸால்! கணக்கு இடிக்கிறதே என்று வாத்தியாரைத் தேடாதீர்கள். இது அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் கணக்கு. சிவாஜியன்ஸ் கீழிருந்து ஆடி ஏறி வந்த அணியல்ல, பண பலத்தில் நேரடி நுழைவு பெற்ற அணி. ஆகவே அதை இறக்க முடியாதாம். ஃபிளாட் புக் செய்தவரை வெளியே அனுப்பலாமா? மண்ணில் புரண்டு மேலே வந்தவன்தானே காலி செய்ய வேண்டும்.

பிறகு கோவா கிளப்புகள் விலகியதால் ஐஸாலை மறுபடி கூப்பிட்டார்கள். அடுத்த பருவத்தில் அது சாம்பியன் ஆனது. கூட்டமைப்பில் எவர் முகமாவது சிவந்ததா என்றால், இல்லை.

சிவாஜியன்ஸின் உரிமையாளர் டி.எஸ். குல்கர்ணி, புணேயின் பெரிய பில்டர். இளமையில் தொலைபேசிகளைத் துடைத்து வாசனை பூசிக் கொடுக்கும் தொழில் செய்தவர். உழைத்து வந்தவர்தான், மறுக்கவில்லை. ஆனால் பூசும் கலை கடைசிவரை கைவிட்டுப் போகவில்லை. லோணி காள்போரில் லிவர்பூல் பெயர் தாங்கிய கால்பந்து அகாடமி எழுந்தது. இங்கிலாந்து கிளப்பே நம்பும் மனிதரிடம் டெபாசிட் போட்டால் என் ஓய்வூதியம் பத்திரமாக இருக்காதா? பிம்ப்ரி போன்ற ஆலை ஊரில், ஷிஃப்ட் பார்த்தே தேய்ந்த மனிதனின் கைக்கு பி.எஃப். மொத்தமாக வரும்போது பெரிய பெயர்தான் பெட்டகமாகத் தெரியும்.

2017-இல் வட்டி வரவில்லை, அசலும் வரவில்லை என்று டெபாசிட்தாரர்கள் போலீசுக்குப் போனார்கள். பம்பாய் உயர் நீதிமன்றத்தில் 50 கோடி ரூபாய் கட்டுவதாகக் குல்கர்ணி சொன்னார், கட்டவில்லை. 2018 பிப்ரவரியில் கைதானார். குற்றம் உண்டா இல்லையா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். அணி எங்கே என்று கேட்டால் நானே சொல்கிறேன்: கைதுக்கு முன்பே, 2017-இலேயே, ஐ-லீக்கிலிருந்து காணாமல் போய்விட்டது.

இவர் ஒருவர்தான் என்றால் துரதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாம். பெனின்சுலா லேண்ட் என்ற ரியல் எஸ்டேட் நிறுவனத்தை வைத்திருக்கும் அசோக் பிரமல் குழுமத்தின் புணே எஃப்.சி., 2012–13-இல் ஐ-லீக்கின் இரண்டாம் இடம்வரை வந்த நல்ல அணி. 2015-இல் கடை சாத்திவிட்டது. இந்தியன் சூப்பர் லீக்கில் (ஐ.எஸ்.எல்.) ஆடியது எஃப்.சி. புணே சிட்டி, நடிகர் ஹ்ருதிக் ரோஷனோடு சேர்ந்து அதை வைத்திருந்தது வாத்வான் குழுமம். வீட்டுக் கடன் கொடுத்துவந்த டி.எச்.எஃப்.எல். அப்போது அவர்களுடையது. 2019-இல் கடன் கொடுத்தவர்களே கடனில் மூழ்க, லீக்கில் புணேயின் இடம் ஹைதராபாதுக்குப் போய்விட்டது. டி.எச்.எஃப்.எல்.லின் டெபாசிட்தாரர்களும் தெருவுக்கு வந்தார்கள். அந்த நிறுவனத்தைப் பின்னால் வாங்கியது யார் தெரியுமா? பிரமல் குடும்பத்தின் இன்னொரு கிளை. புணேயில் கால்பந்து ரசிகனுக்குத்தான் போக்கிடமில்லை. முதலாளிகள் ஒருவர் வீட்டுக்குள்ளிருந்து இன்னொருவர் வீட்டுக்கு நடந்தே போகலாம்.

இந்த மூன்று கிளப்புகளும் எங்கே ஆடின? பிம்ப்ரியிலிருந்து வாகட் தாண்டி, ஆற்றைக் கடந்தால் பாலேவாடி. 1994 தேசிய விளையாட்டுப் போட்டிக்காக அரசு கட்டிய ஸ்டேடியம். சுற்றிலும் கோபுரம் கோபுரமாக அடுக்குமாடிகள். வீடுகளை விற்றும், வீட்டுக்குக் கடன் கொடுத்தும் வளர்ந்த இந்தக் குழுமங்களில் ஒன்றுக்குக்கூடத் தன் அணிக்கென ஒரு ஸ்டேடியம் கட்டத் தோன்றவில்லை. கட்டியிருந்தால், கிளப் செத்தாலும் பிள்ளைகளுக்குப் புல்லாவது மிஞ்சியிருக்கும். அதனால்தான் கட்டவில்லையோ என்னவோ.

லோணி அகாடமியில் வளர்ந்த மிசோரம் பையன் லாலியன்சுவாலா சாங்தே பிறகு இந்தியாவின் சிறந்த வீரர் விருது வாங்கினான். அந்தப் பேரேட்டில் முதிர்வு கண்ட ஒரே டெபாசிட் அவன்தான் போலும். அதையும் எடுத்துக்கொண்டது மும்பை.

இன்னொரு பில்டர் வருவார். ஜெர்சி காட்டுவார், நடிகரைக் காட்டுவார், ஐரோப்பிய கிளப்பின் சின்னத்தைக் காட்டுவார். பிம்ப்ரிக்காரர்களே, வாயைப் பிளக்காமல் ஒரே ஒரு காகிதம் கேளுங்கள்: மைதானத்துக்கான சாத்-பாரா, அதாவது நிலப் பதிவேட்டு நகல், எங்கே ஐயா, அதில் கிளப் பெயர் இருக்கிறதா?